“ப்ளான் இலவசம்” போர்டு தொங்கும் ஊரில் ஆர்க்கிடெக்டுக்கு எதற்குக் காசு?

தெற்குச்சுவர்

சேலத்தில் சொந்தமாக அலுவலகம் நடத்தும் ஆர்க்கிடெக்ட் நான். அஸ்தம்பட்டிப் பக்கம், மாடியில் ஓர் அறை. இந்த மன்றத்தில் “சதுர அடிக்கு என்ன ரேட்” என்ற கேள்வி வாரம் தவறாமல் வருகிறது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே “கான்ட்ராக்டர்கள் ப்ளானை இலவசமாகப் போட்டுத் தருகிறார்களே, ஆர்க்கிடெக்ட் எதற்கு” என்பதும் வந்துவிடுகிறது. அதற்கு யாரும் பொறுமையாகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டு வாருங்கள்.

அழகாபுரத்தில் ஒரு மனை. முப்பதுக்கு நாற்பது, மேற்குப் பார்த்தது, எதிரே இருபது அடிச் சாலை. இலவச ப்ளான் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். மேற்கே ஹால், அதற்கு ஆறடி அகலக் கண்ணாடி ஜன்னல், பின்னால் கிழக்கே படிக்கட்டும் கழிப்பறையும். வரைபடத்தில் ஒரு கோடுகூடப் பிசகில்லை. மாநகராட்சியில் கொடுத்தால் அனுமதியும் கிடைத்துவிடும். ஆனால் சித்திரை, வைகாசியில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் அந்த ஹாலில் மனிதர் உட்கார முடியாது. மேற்கு வெயில் சாய்ந்து வருவது. இரண்டடி சன்ஷேடு அதை ஒன்றும் செய்யாது.

படிக்கட்டையும் கழிப்பறையையும் மேற்குச் சுவருக்குக் கொண்டுபோனோம். வெயிலை அவை வாங்கிக்கொள்ளட்டும். வாசல் மேற்கிலேயே இருக்கிறது, ஆனால் படிக்கட்டை ஒட்டிய ஆழமான திண்ணைக்குள் ஒதுங்கி நிற்கிறது. ஹால் கிழக்கே போனது, காலை வெளிச்சம் அதற்குப் போதும். மொத்தச் சுவர் நீளம் ஏறக்குறைய பழையபடியே, செலவும் அப்படியே.

இதை வரைய ஒரு பகல் போதும். இந்த முடிவுக்கு வர, மாலை வெயிலில் அந்த மனையில் போய் நிற்க வேண்டும். அந்த வீட்டில் யார் எந்த நேரம் எங்கே இருப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் காசு வாங்குவது இதற்குத்தான். வரைபடம் அதற்கான ரசீது போன்றது.

படைப்பாற்றல் என்று எங்கள் தொழிலில் பெரிய பேச்சு உண்டு. கல்லூரியில் வெற்றுத் தாளைக் கொடுத்து அருங்காட்சியகம் வரையச் சொன்னார்கள். வெளியே வந்தபின் வெற்றுத் தாளே கைக்கு வந்ததில்லை. பக்கத்து வீட்டுச் சுவர், இருக்கிற போர்வெல், மாமியாரின் முழங்கால் வலி, வங்கிக் கடன் எல்லாம் ஏற்கெனவே அதில் எழுதப்பட்டிருக்கும். மிச்சம் இருக்கும் இடத்தில்தான் நம் கெட்டிக்காரத்தனம்.

“சும்மா ஒரு ஸ்கெட்ச் போட்டுக் காட்டுங்கள், பிடித்தால் வேலை தருகிறோம்” என்பவர்களுக்கு மறுத்துவிடுகிறேன். 1972 ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்டுகள் சட்டத்தின்கீழ் 1989 இல் வந்த தொழில்நடத்தை விதிமுறைகள், பிற ஆர்க்கிடெக்டுகளோடு போட்டி போட்டுக்கொண்டு காசு வாங்காமலோ குறைத்து வாங்கியோ வடிவமைப்புச் செய்யக் கூடாது என்கின்றன. விதி இல்லாவிட்டாலும் மறுப்பேன். இலவசம் என்றால் எவரும் பழைய கோப்பில் ஒன்றை எடுத்து, மனை அளவுக்கு இழுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

குகை கான்ட்ராக்டர்

மேடத்துக்கு வணக்கம். “ப்ளான் இலவசம்” போர்டு வைத்திருப்பவன் நானே. சிவில் டிப்ளமோ, வேலை எடுத்துச் செய்கிறேன். இலவசம் என்பது பேச்சுக்குத்தான், சதுர அடி ரேட்டுக்குள் அது உட்கார்ந்திருக்கிறது என்பதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டுபவருக்கும் அது தெரியும்.

நாற்பது லட்சத்தில் வீடு கட்டுகிறவரிடம் ஐந்து சதவீதம் கேட்டால் இரண்டு லட்சம். அந்தப் பணத்தில் வீடு முழுக்க டைல்ஸ் போட்டுவிடலாம் என்றுதான் அவர் கணக்குப் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

சட்டத்தைச் சொன்னீர்கள். உச்ச நீதிமன்றம் 2020 இல் என்ன சொன்னது என்பதையும் சொல்லியிருக்கலாம். பதிவு செய்யாதவர் “ஆர்க்கிடெக்ட்” என்று போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். வடிவமைக்கும் வேலையை மற்றவர்கள் செய்யக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் இல்லை. விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே சான்று சொல்லும் சுயசான்று முறையும் 2024 ஜூலையில் வந்துவிட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைதளமும் முதல் தளமும் கட்ட இணையத்திலேயே அனுமதி வாங்கிவிடலாம். ஊரில் கட்டுகிற வீடுகளில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

இன்னொன்று. ஆர்க்கிடெக்ட் வரைபடத்தை வைத்து நான் வேலை செய்திருக்கிறேன். படம் அழகாக இருக்கும். பாத்ரூம் பைப் இறங்க வேண்டிய இடத்தில் பீம் குறுக்கே போகும். கான்கிரீட் போடும் அன்று காலையில் போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, முப்பது ஆள் நிற்கும்போது முடிவு எடுக்க வேண்டியவன் நான்தான். அந்த முடிவுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

மூக்கனேரி

நான் வீடு கட்டியவன், கன்னங்குறிச்சி. இருதரப்பையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

நான் ஆர்க்கிடெக்டிடம்தான் போனேன். முப்பரிமாணப் படம் காட்டினார்கள். வீட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அந்தி நேர வானம், வாசலில் யாருடையதோ ஒரு வெளிநாட்டுக் கார். என் மனைவி அன்றே சம்மதித்துவிட்டார். வீடு படத்தில் இருந்தபடியே வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்பக்கம் தென்மேற்கு. மார்ச் தொடங்கினால் கண்ணாடிக்கு உள்ளே தடித்த திரை, திரைக்கு உள்ளே ஏசி. மின்கட்டணத்தை இங்கே எழுதினால் வாசிப்பவர்களுக்கும் வியர்க்கும்.

காசு வாங்கியவரும் வெயிலைப் பார்க்கவில்லையே. அப்படியென்றால் அழகாபுரம் கதை உங்கள் திறமையா, ஆர்க்கிடெக்ட் என்ற படிப்பின் திறமையா?

சூரமங்கலம் ரயிலடி

அவர் பெயரைச் சொல்லுங்கள், நாங்களாவது தப்பித்துக்கொள்கிறோம்.

மன்ற நிர்வாகி

பெயர் வேண்டாம். தொடருங்கள்.

தெற்குச்சுவர்

மூக்கனேரி சார், நியாயமான கேள்வி. சான்றிதழ் வெயிலைத் தடுக்காது. முப்பரிமாணப் படத்தைப் பற்றி எனக்கும் பெரிய மனத்தாங்கல் உண்டு. முதல் சந்திப்பிலேயே படத்தைக் காட்டிவிட்டால் அதன்பிறகு வீட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஜன்னலை ஓர் அடி நகர்த்தலாம் என்றால் “படத்தில் இப்படி இல்லையே” என்பார்கள். நான் படத்தைக் கடைசியில்தான் காட்டுகிறேன். அதற்கு முன் சுண்ணாம்புப் பொடியால் மனையிலேயே அறைகளைக் கோடு போட்டு, குடும்பத்தை உள்ளே நடக்கவிடுவேன். சமையலறைக் கோட்டுக்குள் நின்று அம்மா கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்ப்பார். “ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் நான் எங்கே நிற்பது?” என்று கேட்பார். எந்தப் படத்தைப் பார்த்தும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

வெயிலைப் பற்றி ஒரு விவரம், யாருக்காவது பயன்படும். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். சேலம் ஏறக்குறைய 11.6 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அதன்பிறகு ஆகஸ்ட் 20 தாண்டும்வரை நண்பகலில் அது நமக்கு வடக்கேதான். அக்னி நட்சத்திரத்தில் வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு என்று அர்த்தம். ஆனால் அது உச்சியிலிருந்து விழுவதால் சிறிய சன்ஷேடு போதும். தெற்கில் டிசம்பர் வெயில் 55 டிகிரி உயரத்தில் வரும், அதையும் சன்ஷேடு சமாளித்துவிடும், அந்த மாதத்தில் வந்தாலும் கெடுதல் இல்லை. ஆகவே ஜன்னலை வடக்கிலும் தெற்கிலும் தாராளமாக வையுங்கள். கிழக்கும் மேற்கும்தான் தொல்லை, அதிலும் மேற்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பிற்பகலில் குடித்த சூட்டை இரவில்தான் உள்ளே விடும். நாம் படுக்கும் நேரம் பார்த்து.

உங்கள் வீட்டுக்கு இப்போது செய்யக்கூடியது, திரையைக் கண்ணாடிக்கு வெளியே கொண்டுபோவது. மூங்கில் தட்டியோ, இரும்புச் சட்டத்தில் ஏற்றிய கொடியோ எதுவானாலும் சரி. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டை உள்திரையால் வெளியே அனுப்ப முடியாது.

கான்ட்ராக்டர் அண்ணா, பீம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். கான்கிரீட் அன்று போன் எடுக்காத ஆர்க்கிடெக்ட் சம்பளத்தில் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கன்னிமூலை

இவ்வளவு பேசுகிறீர்கள், வாஸ்துவைப் பற்றி மேடம் வாயே திறக்கவில்லை.

தெற்குச்சுவர்

திறக்கிறேன். வாஸ்து வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சண்டை போடும் வயதைத் தாண்டிவிட்டேன். கன்னி மூலையில் பெரிய படுக்கையறை வேண்டும் என்பார்கள். தென்மேற்கு என்றால் பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கும் மூலை. நான் அறையை அங்கேயே வைத்துவிட்டு, மேற்குச் சுவர் முழுக்க உட்புறம் அலமாரி அடித்துவிடுகிறேன். துணிமணி சூட்டைத் தடுக்கும், ஜன்னல் தெற்கில் மட்டும். சாஸ்திரக்காரருக்கும் சந்தோஷம், தூங்குபவருக்கும் சந்தோஷம். இதில் எனக்கு என்ன கொள்கைப் பிரச்சினை?

ஈசானிய மூலையில் தண்ணீர்த் தொட்டி என்பதில் மட்டும், மனையின் சரிவு எதிர்த்திசையில் இருந்தால் கொஞ்சம் வாதாடுவேன்.

புதுப்பட்டம்

அக்கா, ஐந்து வருடப் படிப்பு முடித்து இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அங்கே எனக்குக் கிடைக்கும் மாதச் சம்பளத்தை நாளுக்கு வகுத்தால் எங்கள் சைட்டில் கொத்தனார் வாங்கும் கூலியைவிடக் குறைவு. அவர் கூலி அதிகம் என்று சொல்லவில்லை. பெங்களூரு போவதா, சேலத்திலேயே தனியாகத் தொடங்குவதா என்று குழப்பம். பேராசிரியர்கள் லாரி பேக்கர், தோஷி என்று பெரிய ஆர்க்கிடெக்டுகளைக் காட்டினார்கள். கல்லூரியில் யாரும் பில் எழுதக் கற்றுத் தரவில்லை.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. பேக்கர் காட்டிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லைக் குத்தவைத்து நடுவில் வெற்றிடம் விட்டால் கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், சூடும் குறையும். சேலத்தில் ஏன் யாரும் கட்டுவதில்லை?

ரசமட்டம்

நான் பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்றவன். தம்பிக்குச் செங்கல் விஷயம் மட்டும் சொல்கிறேன். எலிப்பொறிக் கட்டுக்கு எல்லாச் செங்கல்லும் ஒரே அளவில், விளிம்பு மழுங்காமல் இருக்க வேண்டும். நாட்டுச் சூளைக் கல் ஒன்றுக்கொன்று கால் அங்குலம் வேறுபடும். சீரான அளவில் வரும் சேம்பர் சூளைச் செங்கல் வாங்கினால் செய்யலாம். ஆனால் பழகாத கொத்தனார் மெதுவாகக் கட்டுவார், நாள் கூலி ஏறும். செங்கல்லில் மிச்சப்படுத்தியதைக் கூலியில் கொடுத்துவிடுவீர்கள். ஒரே மேஸ்திரியை வைத்துத் தொடர்ந்து வேலை கொடுக்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள். பேக்கர் திருவனந்தபுரத்தில் தன் கொத்தனார்களோடு சைட்டிலேயே நின்றவர். அவர் தபாலில் வரைபடம் அனுப்பிக் கட்டியிருந்தால் அங்கேயும் நடந்திருக்காது.

தெற்குச்சுவர்

தம்பி, பில் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இதை யாரும் வெளியே பேசுவதில்லை.

முன்பணம் வராமல் பென்சிலைத் தொடாதே. உறவுக்காரர் என்றால் கட்டாயம் தொடாதே. வேலையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தொகையை எழுதிவிடு: முதல் வடிவம், அனுமதி வரைபடம், ஒர்க்கிங் ட்ராயிங் (சைட்டில் பார்த்துக் கட்டுவதற்கான விவர வரைபடம்), கடைக்கால், தளம், பூச்சு. கிரகப்பிரவேசம் முடிந்ததும் தர வேண்டிய தவணை பெரும்பாலும் வராது. வீட்டுக்காரர் கெட்டவர் என்பதால் அல்ல, பந்தல், சாப்பாடு, சோபா என்று அந்த மாதம் அவர் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகவே அந்தத் தவணையை ஆகச் சிறியதாக வை. ஒர்க்கிங் ட்ராயிங் கையைவிட்டுப் போவதற்குள் உன் சம்பளத்தில் பெரும்பகுதி வந்திருக்க வேண்டும்.

சதவீதம் வாங்குவதா, மொத்தமாக ஒரு தொகையா என்று கேட்பார்கள். செலவு ஏற ஏற என் வருமானம் ஏறுவது எனக்கே உறுத்துகிறது. முதல் மதிப்பீட்டை வைத்துத் தொகையை நிர்ணயித்து எழுதிக்கொள்கிறேன். பிறகு அவர் இத்தாலிய மார்பிள் போட்டாலும் எனக்கு அதில் ஒரு பைசா இல்லை. அறை கூட்டினால், மாடி கூட்டினால் தனி.

அடுத்தது கமிஷன். டைல்ஸ் கடை, கிரானைட் கடை, பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் கடை எல்லாவற்றிலும் ஆர்க்கிடெக்டுக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். கேட்காமலே வரும். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டிக்கு அடியில் உறை இருக்கும். வாடிக்கையாளரை அறிமுகம் செய்ததற்காகக் கமிஷன் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று அதே 1989 விதிமுறைகள் சொல்கின்றன. நான் கடைக்காரரிடம் “அந்தப் பங்கை பில்லில் தள்ளுபடியாகக் காட்டுங்கள்” என்கிறேன். பாதிக் கடைகள் அதற்குச் சம்மதிப்பதில்லை, ஏன் என்று யோசித்துக்கொள். இந்த உறையை வாங்கிப் பழகிவிட்டால், எந்த டைல்ஸ் அந்த வீட்டுக்குச் சரி என்ற கேள்வி உன் மண்டையில் எழவே எழாது. வடிவமைப்பு அங்கேயே முடிந்துவிட்டது.

பெங்களூரா சேலமா என்பதற்கு: நான்கைந்து வருடம் எங்காவது வேலை செய். ஆனால் சைட்டுக்கு அனுப்பும் அலுவலகமாகப் பார்த்துச் சேர். ஏசி அறையில் படம் மட்டும் வரையவைக்கும் இடம் எந்த ஊரில் இருந்தாலும் வீண்.

குகை கான்ட்ராக்டர்

கமிஷனைப் பற்றி எழுதியதற்கு மேடத்துக்கு ஒரு சலாம். நாளைக்கு டைல்ஸ் கடைக்காரர்கள் உங்கள் அலுவலகத்துக்கு எதிரே உண்ணாவிரதம் இருக்கப்போகிறார்கள்.

ஆனால் எங்களையும் கொஞ்சம் பாருங்கள். எங்களிடம் சதுர அடி ரேட்டை அடித்துப் பேசிக் குறைத்துவிடுகிறார்கள். பக்கத்துத் தெருவில் ஐம்பது ரூபாய் குறைவு என்பார்கள். அந்த ரேட்டில் வேலை செய்தால் கையை விட்டுத்தான் போட வேண்டும். கடையில் வருவதை எடுத்து ஈடுகட்டுகிறோம். சரி என்று சொல்லவில்லை. கடைக்காரர் அதைத் தன் வீட்டிலிருந்து கொடுப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மூக்கனேரி

ஆக, நான் ப்ளானுக்குக் காசு மிச்சம் பிடித்தால் டைல்ஸில் கொடுக்கிறேன். டைல்ஸில் பேரம் பேசினால் சிமென்ட்டில் கொடுக்கிறேன். நல்லது.

தறிக்குழி

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவருகிறேன். எங்கள் வீடு அம்மாப்பேட்டை. அப்பா இன்னும் குழித்தறியில் பட்டு நெய்கிறார். பழைய ஓட்டு வீடு, மழைக்குத் தாங்காது, இடித்துக் கட்டத்தான் வேண்டும். பார்த்த இன்ஜினியர் எல்லோரும் “குழியை மூடிவிட்டு டைல்ஸ் போடுங்கள், தறியை மாடியில் போட்டுக்கொள்ளலாம்” என்கிறார்கள். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். காரணம் கேட்டால் “நூல் அறும்” என்று ஒரே வார்த்தை. ஆர்க்கிடெக்ட் வைக்கும் அளவுக்கு எங்களிடம் வசதி இல்லை. வழி மட்டும் சொல்வீர்களா?

தெற்குச்சுவர்

உங்கள் அப்பா சொல்வது சரி, அதை முதலில் அந்த இன்ஜினியர்களிடம் சொல்லுங்கள். குழிக்குள் மண்ணின் ஈரம் இருக்கும். தறியின் நீளவாக்கு நூலான பாவு அந்த ஈரத்துக்கு மேலே ஓடுவதால் சேலத்தின் உலர் காற்றிலும் இழை அவ்வளவாகக் காய்ந்து அறுவதில்லை. மாடியில் வெந்துகிடக்கும் தளத்துக்கு அடியில் தறியைப் போட்டால் நாள் முழுக்க இழை முடிந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

இதே மாதிரி ஒரு தறிவீட்டில் நான் வேலை செய்திருக்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த வேலைகளில் ஒன்று. பழைய வீட்டை இடிக்கும் முன் அவர் நெய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் அவருக்கு இடப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொடங்கியது. நமக்கெல்லாம் மிகவும் தாழ்வு. ஆனால் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு அது கச்சிதம். வெளிச்சம் பாவின் மேல் பக்கவாட்டில் சரிந்து விழுந்து, ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. நேர் மேலே டியூப்லைட் போட்டால் எல்லாம் ஒரே பளபளப்பாகிவிடும், அறுந்த இழை கண்ணில் படாது. அந்த ஜன்னலை அந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் யோசித்து வைத்தாரா, நெசவாளரே சொன்னாரா தெரியாது. நான் அளந்து, அதே உயரத்தில் புது வீட்டில் வைத்தேன். அதில் என்னுடைய புதுமை எதுவும் இல்லை, இருந்திருந்தால் கெட்டிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: தறியறை தரைதளத்தில், வடக்கு வெளிச்சம் பார்த்து. அந்த அறைக்கு மட்டும் கான்கிரீட் தரை வேண்டாம், மண்ணை இடித்துக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். குழியின் பக்கங்களுக்குச் செங்கல் கட்டி, அடித்தரையைத் திறந்தே விடுங்கள். அந்த அறைக்கு மேலே ஒரு படுக்கையறையைக் கட்டிவிட்டால் மொட்டை மாடிச் சூடு தறிக்கு இறங்காது. பாவு நீட்டத் தெருவோ பாவடியோ பக்கத்தில் இல்லையென்றால் வீட்டின் நீளவாக்கில் ஒரு நடையை அடைசல் இல்லாமல் விடுங்கள். தனிச்செய்தியில் மனை அளவை அனுப்புங்கள், ஒருமுறை வந்து பார்க்கிறேன்.

சூரமங்கலம் ரயிலடி

இலவச ஸ்கெட்ச் கிடையாது என்றீர்களே!

தெற்குச்சுவர்

பார்க்க வருகிறேன் என்றுதான் சொன்னேன். வரைந்தால் பில் வரும். சிறிய பில்.

காப்பிக்காடு

பேச்சை மலைக்குத் திருப்புகிறேன், மன்னிக்கவும். ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. விருந்தினர் தங்க இரண்டு அறை கட்ட எண்ணம். சரிவான இடம், கீழே சேலம் முழுவதும் தெரியும். ஜேசிபிக்காரர் ஒரே நாளில் சமதளமாக வெட்டித் தருகிறேன் என்கிறார். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளினால் இன்னும் அகலமாகக் கிடைக்குமாம்.

ரசமட்டம்

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

மேல்பாதி வெட்டிய கெட்டி மண்ணிலும் கீழ்ப்பாதி தள்ளிய தளர்ந்த மண்ணிலும் உட்காரும் கட்டடம் இரண்டாவது மழையில் நடுவே விரிசல் விடும். தள்ளிய மண் அமிழும், வெட்டிய மண் அமிழாது. அதைவிட மோசம், சரிவின் அடியை வெட்டினால் மேலே இருக்கும் மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சரிவுக்கு எதிரி எடையைவிடத் தண்ணீர்தான்.

கட்டடத்தைப் படிப்படியாக இறக்குங்கள். ஓர் அறை மேல்படி, அடுத்தது நான்கடி கீழே. கடைக்காலையும் படியாகவே எடுத்துச் செல்லலாம். கட்டடத்துக்கு மேல்பக்கம் வளைவாக ஒரு வடிகால் வெட்டி, மழைநீரைச் சுவருக்கு வரும் முன்பே பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிடுங்கள். தாங்குசுவர் தேவைப்பட்டால் பின்னால் ஜல்லி நிரப்பி, சுவரில் வரிசையாக நீர்க்கசிவுத் துளை விடுங்கள். துளை இல்லாத தாங்குசுவர் மண்ணை மட்டும் தாங்காது, தண்ணீரையும் சேர்த்துத் தாங்க முயன்று ஒருநாள் விழும்.

அனுமதியை மறக்காதீர்கள். ஏற்காடு மலைப்பகுதி பாதுகாப்பு வரம்புக்குள் வருவது, சமவெளியில் வாங்குகிற மாதிரி அங்கே நடக்காது. தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக்கை வெட்டுவதானாலும் 1955 ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

தெற்குச்சுவர்

ஐயா சொன்னதற்குமேல் ஒன்றுதான். “கீழே சேலம் முழுவதும் தெரியும்” என்றீர்களே, அங்கேதான் மலைவீடுகள் கெடுகின்றன. காட்சிக்காகச் சரிவின் விளிம்பில் முழுச்சுவருக்குக் கண்ணாடி வைக்கிறார்கள். மார்கழியில் அந்த அறை குளிர்சாதனப் பெட்டி. பனிமூட்டம் இறங்கிய நாளில் காட்சியும் கிடையாது, வெள்ளைதான் தெரியும்.

காக்பர்ன் என்ற ஆங்கிலேயர் சேலம் கலெக்டராக இருந்த 1820களில் காப்பி ஏறிய மலை அது. பழைய தோட்ட பங்களாக்களைப் போய்ப் பாருங்கள். செங்குத்தான ஓட்டுக் கூரை, நீளமாக வெளியே வந்த இறவாணம், சுற்றிலும் வராந்தா. காட்சி பார்க்க வராந்தாவுக்கு வருவார்கள், தூங்க உள்ளே போவார்கள். அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், துரைமார் பாணி அலங்காரம் தேவையில்லை. தட்டைக் கான்கிரீட் கூரை அந்த மழைக்கு ஒழுகும், சிமென்ட் பூச்சு ஈரம் காயாமல் பாசி பிடிக்கும். சுண்ணாம்புப் பூச்சு கிடைத்தால் நல்லது.

காப்பிக்காடு

ஜேசிபியை நிறுத்திவிட்டேன். அவர் கோபமாகப் போயிருக்கிறார்.

புதுப்பட்டம்

அக்கா, தோஷியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இந்தூரில் அவர் செய்த ஆரண்யா குடியிருப்பில் அடித்தளம், கழிப்பறை, ஓர் அறை என்று கொடுத்துவிட்டு, மீதியைக் குடும்பங்களே வசதி வரும்போது கட்டிக்கொள்ள விட்டார். 2018 இல் அவருக்குக் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது எல்லோரும் அதைப் பேசினார்கள். நம் ஊரில் மொட்டை மாடி முழுக்கத் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றனவே, பையன் கல்யாணத்துக்கு மாடி எடுக்கலாம் என்று. இதுவும் அதேதானே?

ரசமட்டம்

எண்ணம் அதேதான். ஆனால் அந்தக் கம்பிகள் பத்து வருடம் மழையில் துருப்பிடித்து, இணைக்கும் நேரத்தில் கனம் குறைந்துபோயிருக்கும். சிமென்ட் பால் தடவி, மட்டமான கான்கிரீட்டால் மூடி வையுங்கள். தேவைப்படும்போது உடைத்துக்கொள்ளலாம்.

தெற்குச்சுவர்

தம்பி, நல்ல கவனிப்பு. மாடிக்குப் போகும் படிக்கட்டு வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதையும் இன்றைக்கே முடிவு செய்ய வேண்டும். பையன் மேலே இருப்பானா, வாடகைக்கு விடுவார்களா என்று யாருக்கும் தெரியாது. வாசலுக்குப் பக்கத்தில், உள்ளேயும் வெளியேயும் கதவு வைக்க முடிகிற இடமாகப் பார்த்து வைத்துவிடுகிறேன்.

புதுப்பட்டம்

அப்படியென்றால் முதல் சந்திப்பில் என்னென்ன கேட்பீர்கள்?

தெற்குச்சுவர்

காலையில் முதலில் எழுவது யார், எழுந்ததும் எந்தக் கதவைத் திறப்பார். செருப்பு எங்கே கழற்றுவீர்கள். பண்டிகைக்கு எத்தனை பேர் படுப்பார்கள். துணி எங்கே காயும். கேஸ் சிலிண்டர் எந்த வழியாக உள்ளே வரும். கோடையில் தண்ணீர் லாரி வந்தால் குழாயை எங்கே நீட்டுவார்கள். இப்போது இருக்கும் வீட்டில் எந்த இடத்தை விட்டுவர மனம் இல்லை. இந்தக் கடைசிக் கேள்விக்குக் கணவனும் மனைவியும் வேறு வேறு பதில் சொன்னால் அன்றைக்கு நல்ல வேலை நடக்கும்.

குகை கான்ட்ராக்டர்

கடன் எந்த வங்கியில், எத்தனை தவணையாக விடுவார்கள் என்பதைக் கேட்கவில்லையே மேடம். கடைக்கால் முடிந்தால் இவ்வளவு, தளம் போட்டால் இவ்வளவு என்று பிரித்துத்தான் விடுவார்கள். நீங்கள் திண்ணை, படி, வளைவு என்று கடைக்காலிலேயே செலவை ஏற்றிவிட்டால் தளம் போடும்வரை கொத்தனாருக்குக் கூலி கொடுப்பது நான்தான்.

தெற்குச்சுவர்

கேட்பதில்லை. இனிமேல் கேட்கிறேன் அண்ணா. அந்தத் தவணை அட்டவணை ஒன்று இருந்தால் அனுப்புங்கள், ஒர்க்கிங் ட்ராயிங் கொடுக்கும் வரிசையை அதற்குத் தகுந்தபடி மாற்றிப் பார்க்கிறேன்.

குகை கான்ட்ராக்டர்

அனுப்புகிறேன். போர்டை எடுக்க மாட்டேன், அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.